நான் ஏன் ரயிலடிக்கு வரவில்லை

இளங்கோ, தேனு, உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். அம்மா போனில் படித்துக் காட்டுவாள். பிரெஞ்சிலேயே எழுதலாமே என்பீர்கள். இருபத்து நாலு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் என் பிரெஞ்சு மருந்துக்கடை வாசலைத் தாண்டவில்லை. மனசில் இருப்பதைச் சொல்ல அது போதாது. இதில் ஒரு பிரதியை ஊர்க்காரர்கள் நடத்தும் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். "அவனுக்கென்ன, பிரான்சில இருக்கான்" என்று கீழ்வேளூர்ப் பக்கம் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் கதவைக் காலால் பிடித்தபடி, இளங்கோ, நீ கேட்டாய்:

"பத்து நிமிஷம் கார்ல உட்கார்ந்து வர முடியாதாப்பா? அவ முதல் தடவையா வீட்டை விட்டுப் போறா."

நான் பதில் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது. பதில் பத்து நிமிஷத்தில் சொல்லக்கூடியது இல்லை. அதனால் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக.

1

உங்கள் அம்மாவின் அப்பா காரைக்காலில் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சொல்தா வீட்டுப் பெண்ணுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவளைக் கட்டுகிறவனுக்கும் பின்னாலேயே ஒரு வழி உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பையன்கள் எல்லாம் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் என்று பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எனக்கு ஏஜென்ட்டுக்குப் பதில் மாமனார் கிடைத்தார்.

நான் பத்தாவது முடித்துவிட்டு வயலில் நின்றவன். எங்கள் நிலம் கடைமடை. ஆறு பிரிந்து பிரிந்து வாய்க்காலாகி, அந்த வாய்க்காலும் மெலிந்து, கடைசியில் தண்ணீர் வந்து சேருகிற இடம். சேராமலும் போகிற இடம். குறுவையை விட்டுவிட்டு, சம்பாவும் பாதி கருகிய ஒரு வருஷம், உங்கள் தாத்தா சொன்னார்: "வயலை நான் பாத்துக்கறேன். நீ போ."

வந்தேன். மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கிற ஒரு ஆலையில் வேலை. நனைந்த போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். நாற்றுக்கட்டு சுமந்த தோள்தானே, கஷ்டமாகத் தெரியவில்லை. பதினேழு வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. மேஸ்திரி என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சோம்பேறி என்ற சொல் இந்த வீட்டில் எப்போது வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2

ஏழு வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. தேனுவுக்கு நாலு நாள், அம்மாவுக்கு ஒரு வாரம். எனக்குப் பத்து நாளில் காய்ச்சல் விட்டது, வேலைக்குப் போனேன். முதல் நாள் எப்போதும் போல்தான் போர்வை இழுத்தேன். மறுநாள் காலையில் டீ டம்ளரைத் தூக்கினேன், கை பாதியில் நின்றுவிட்டது. வலி இல்லை. கையில் இருந்ததை யாரோ வடித்துவிட்ட மாதிரி இருந்தது.

நம்ம பக்கத்து ஆள் என்ன செய்வான்? உடம்பை வளைத்தால் சரியாகிவிடும் என்று இன்னும் கொஞ்சம் வேலை செய்வான். செய்தேன். டாக்டரும் அதையே சொன்னார். தினம் நடங்கள், வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போங்கள் என்றார். பெரியவர் சொல்லைத் தட்டாமல் மூன்று மாசம் கூட்டினேன். மூன்றாம் மாசக் கடைசியில் திரையை இழுத்துவிட்ட அறையில் படுத்திருந்தேன். தட்டு உரசுகிற சத்தம்கூடத் தாங்கவில்லை. இளங்கோ, அப்போது உனக்குப் பதினாறு வயசு. கதவருகில் நின்று, "எல்லாம் நினைப்புதான்பா, எழுந்து வெளியில போங்க" என்றாய். உன்மேல் கோபமில்லை. நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, சந்தோஷப்படுங்கள் என்றார்கள். எனக்கு உங்கள் தாத்தாவின் ரேடியோ ஞாபகம் வந்தது. செய்தியில் மேட்டூர் அணை இத்தனை அடி என்பான். தாத்தா ரேடியோவை நிறுத்திவிட்டு எங்கள் வாய்க்காலைப் போய்ப் பார்ப்பார். நண்டு ஊர்ந்து கொண்டிருக்கும். அணையில் இருப்பது பொய்யில்லை. எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு ஒரு நீளமான பெயர் உண்டு. நாட்பட்ட களைப்பு நோய் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் களைப்பு என்றதுமே எல்லோரும், "எனக்கும்தாங்க களைப்பா இருக்கு" என்கிறார்கள். அதனால் நான் பெயரே சொல்வதில்லை. தேனுதான் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிகளைத் தேடித் தமிழில் சொல்வாள். ஒரு நாள் சொன்னாள்:

"அப்பா, இதுல ஒரு சோதனை இருக்கு. சைக்கிள்ல உட்கார வச்சு மிதிக்கச் சொல்றாங்க. மறுநாள் அதே ஆளு, அதே சைக்கிள்."

"ரெண்டாம் நாள் எதுக்கு?"

"அதுதான் விஷயமே. முதல் நாள் பாத்தா வித்தியாசம் தெரியாம போயிடலாம். ரெண்டாம் நாள் நல்லா இருக்கறவங்க அதே அளவு மிதிக்கறாங்க. இந்த நோய் இருக்கறவங்களுக்குக் குறைஞ்சுபோகுது."

"இதுக்கு எதுக்கு சைக்கிள்? உங்கம்மாவைக் கேட்டாலே சொல்லுவாளே."

அவள் சிரித்தாள். பிறகு, "எல்லா ஆய்விலயும் அப்படியே வரலையாம்பா, இன்னும் சண்டை போட்டுக்கறாங்க" என்றும் சொன்னாள். நல்ல பிள்ளை, இருப்பதை இருக்கிறபடியே சொல்வாள். கூட்டிக் கூட்டி நடக்கச் சொன்ன வைத்தியத்தைச் சில நாடுகளில் இப்போது வேண்டாம் என்று எடுத்துவிட்டார்களாம். கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ பேர் இப்படிப் படுத்துவிட்டதால் மருத்துவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்களாம். ஏன் வருகிறது என்று ஒருவருக்கும் முழுசாகத் தெரியாதாம். மாத்திரை கிடையாதாம்.

அன்றைக்கு எனக்கு மாத்திரை கிடைத்த மாதிரிதான் இருந்தது. என்னை விழவைக்கிற நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது, அது எங்கேயோ எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிறகு நான் முறை வைத்துக்கொண்டேன். ஊரில் தண்ணீர் குறைந்தால் மதகை ஐந்து நாள் திறந்து ஐந்து நாள் அடைப்பார்கள். அதுபோலக் குளிக்கிற நாளில் சவரம் கிடையாது. கடைக்குப் போகிற நாளில் யாரோடும் பேச்சு கிடையாது. ஆனால் ஊரில் எந்த நாள் யாருக்கு என்று எழுதி ஒட்டுவார்கள். என் உடம்பு எதையும் எழுதி ஒட்டுவதில்லை. சில சமயம் ஒன்றும் செய்யாமலே விழுந்துவிடுகிறேன்.

3

போன மார்ச்சில், எனக்கு வரும் உதவித்தொகையைத் தொடரலாமா என்று பார்க்க ஒரு மருத்துவ அதிகாரி கூப்பிட்டிருந்தார். தேனுதான் மொழிபெயர்க்க வந்தாள். பத்து வயசிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் தபாலைப் பிரிப்பவள் அவள். மின்சாரக் கடிதம், வாடகைக் கடிதம், அண்ணனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதின புகார்க் கடிதம், எல்லாம் அவள் படித்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின நான்கு நாள் நான் படுத்தே கிடந்தேன், அந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைத்தேன். அம்மா என் தலைக்கு ஊற்றிவிட்டாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ. ஆபீசுக்குப் போகிறோம், அழுக்காகவா போவது?

சிறுவயசில் ஜமாபந்திக்குத் தாத்தாவோடு தாலுகா ஆபீஸ் போயிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நிலத்துக் கணக்கு பார்க்கிற நாள், மனு கொடுக்கக் கூட்டம் நிற்கும். எங்கள் நிலத்தின் அடங்கல் ஏட்டில் பேர் தப்பாக இருந்தது. தாத்தாவின் தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. பெஞ்ச் காலியாக இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றார். "உட்காருய்யா" என்று தாசில்தாரே சொன்னார். "இருக்கட்டுங்க" என்று நின்றார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "நின்னாத்தான்டா நம்ம மேல ஒரு இது வரும்."

டாக்டர் உள்ளே வந்ததும் நான் எழுந்தேன். "சவா?" என்றார். "சவா" என்றேன். இந்த நாட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கும் நன்றாக இருக்கிறேன் என்பதற்கும் ஒரே சொல். நாற்காலியைக் காட்டினார். நான் கைகட்டி நின்றேன்.

"அப்பா, உட்காருங்க" என்று தேனு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"இருக்கட்டும்மா."

எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்டார். ஒரு கிலோமீட்டர் என்றேன். அது உண்மை. நடந்த பிறகு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, அந்தப் படிவத்தில் நாளைக்கு என்று ஒரு கட்டம் இல்லை. அடுத்துக் கேட்டதைத் தேனு தமிழில் சொல்லும்போது குரல் இறங்கியது: "குளிக்க, துணி மாத்த யாராவது உதவணுமான்னு கேக்கறார்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வயசு. என் வாயிலிருந்து வருவது அவள் வாய் வழியாகத்தான் அந்த மேஜைக்குப் போக வேண்டும். எப்படிம்மா சொல்வேன்?

"தேவையில்லைன்னு சொல்லு" என்றேன்.

நாற்பது நிமிஷம் நின்றேன். வெளியே வரும்போது ஒரு கிழவியின் பையை வாங்கிப் படியேற்றி விட்டேன். டாக்டர் அதையும் பார்த்திருக்கிறார். ஒரு மாசம் கழித்துத் தேனு கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள். நன்றாக உடுத்தியிருக்கிறார், சிரமமின்றி நிற்கிறார், பையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார், அன்றாட வேலைகளுக்கு உதவி தேவையில்லை என்கிறார், வேலைக்குத் திரும்பலாம்.

அந்த நாற்பது நிமிஷத்துக்குப் பன்னிரண்டு நாள் படுத்திருந்தேன். அதை அவர் எங்கே பார்த்தார்?

4

மே மாசத்தில் ஒரு நாள் சமையலறையில் தேனு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது அறைக்குள் கேட்டது.

"துலூஸ்ல காலேஜ் இடம் கிடைச்சிருக்கும்மா. வேண்டாம்னு எழுதிடப் போறேன்."

"ஏண்டி?"

"மேல்முறையீடு இருக்கு. அப்பாவை யார் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறது? நீ கேண்டீன்ல இருப்ப. அண்ணன் வருவானா?"

குழாய்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதுதான் எனக்கு நேர்ந்தது, இளங்கோ. நான் நன்றாக இருக்கிறேன் என்றால் அவள் போவாள், ஆபீஸ் என்னைக் கைகழுவும். முடியவில்லை என்றால் ஆபீஸ் ஒருவேளை நம்பும், அவள் போக மாட்டாள். இரண்டு பேரிடமும் பேச எனக்கு இருந்தது ஒரே வாய், அதுவும் அவளுடைய வாய்.

மறுநாளிலிருந்து நான் நன்றாக இருக்க ஆரம்பித்தேன். அவள் எழும்போது மேஜையில் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் சாம்பார் வைத்தேன். "என்னப்பா, ஆளே மாறிட்டீங்க!" என்றாள். "புது மருந்து" என்றேன். மாத்திரையே கிடையாது என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். நம்ப ஆசை இருந்ததால் நம்பினாள். அவள் பள்ளிக்கூடம் போய்க் கதவு சாத்தினதும் சமையலறைத் தரையிலேயே படுத்துக்கொள்வேன். கட்டில் நாலு எட்டுத் தூரம்தான், போக மாட்டேன். அவள் வரும் நேரத்துக்கு அங்கிருந்து எழுந்து மேஜைக்கு வருவது சுலபம். ஜூனில் துலூஸுக்குச் சம்மதம் எழுதினாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன், அவள் பார்க்க.

5

மேல்முறையீட்டு நாள் செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது. நானும் வருகிறேன் என்றாள் தேனு. வேண்டாம், உன் சாமான்களைக் கட்டு என்றேன். அம்மா கறிவேப்பிலை வாங்குகிற தமிழ்க்கடைப் பலகையில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. கௌரி அம்மா. யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்தவர், இங்கே ஆஸ்பத்திரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மொழிபெயர்க்கப் போகிறவர். வயசில் என்னைவிடப் பெரியவர், ஆனால் என்னை அண்ணை என்றார்.

ஆபீஸ் வராந்தாவில் என் நோயைப் பற்றிக் கேட்டார்: "என்ன வருத்தம் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

"ரொம்ப முடியலைங்க."

"முடியேல்லை எண்டா என்ன முடியேல்லை? நடக்கவோ, நிக்கவோ, குளிக்கவோ? இவையளுக்குக் கணக்காச் சொல்லவேணும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணை, நீங்கள் சொல்லாததை நான் சொல்ல ஏலாது. நான் உங்கட மகளில்லை. நாளைக்கு நீங்கள் ஆரோ, நான் ஆரோ. எனக்கு முன்னால என்ன வெக்கம்?"

எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறாரோ.

இந்தத் தடவை வேறு டாக்டர், ஒரு பெண். அவர் உள்ளே வந்ததும் என் கால் தானாக எழுந்தது. கௌரி அம்மா சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இருங்கோ." உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் கூசியது. ஒரு பெரிய மனுஷி முன்னால், அதுவும் கேட்கப் போன இடத்தில், உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னேன். தலைக்கு ஊற்றுவது யார் என்று சொன்னேன். சமையலறைத் தரையைச் சொன்னேன். சாம்பார் வைத்த ஞாயிற்றுக்கிழமையையும், அதற்குப் பிறகு புதன்கிழமை வரை தரையில் கிடந்ததையும் சொன்னேன். கௌரி அம்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒவ்வொன்றாக பிரெஞ்சில் எடுத்து வைத்தார். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர், "மறுநாள் என்ன ஆகும்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம், எங்களுக்குப் பழக்கம்தான்.

6

ஒன்றை மறந்துவிட்டேன். இந்த வீட்டில் தபாலைப் பிரிப்பது யார் என்பதை.

டாக்டர் எழுதினதின் நகல் போன வியாழக்கிழமை வந்தது. தேனு வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் குரல் நின்றது. மீதியை மனசுக்குள் படித்தாள். பிறகு கேட்டாள்:

"சாம்பார்?"

கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள்.

"ஏன்பா எங்கிட்ட பொய் சொன்னீங்க? நான் போகல."

"நீ இங்க இருந்தா என் உடம்பு நல்லாயிடுமா?"

"ஆகாது" என்றாள். இருப்பதைச் சொல்கிற பிள்ளை என்று முன்னாலேயே எழுதினேன்.

"அப்ப போ."

"போறேன். ஆனா இனிமே எங்கிட்ட நடிக்கக் கூடாது."

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்தாள், குளியலறையில் போட்டு உட்கார்ந்து குளிக்கிறது. நான் அதை எடுத்து பால்கனியில் வைத்து, மேலே கறிவேப்பிலைத் தொட்டியை வைத்துவிட்டேன். நம்ம பக்கம் ஒருவரை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றுவது நலங்குக்கு, திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு, அப்புறம் கடைசியில் ஒரு தடவை. அம்மா ஊற்றும்போதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் இருப்பேன். தொட்டிக்கு அடியில் ஸ்டூல் இருப்பதைத் தேனு பார்த்தாள், பெட்டி கட்டப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வெள்ளைச் சட்டை போட்டு ஷூவும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இளங்கோ, நீ கீழே காரை நிறுத்திக்கொண்டிருந்தாய். தேனு வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. ரயிலடிக்கு வந்தா நாளைக்கு என்ன ஆகும்?"

கார் பத்து நிமிஷம்தான். அப்புறம் கூட்டம், படி, சத்தம், ரயில் போன பிறகு நிற்கிற நிற்பு. வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஒண்ணும் ஆகாதும்மா என்று.

"ஒரு வாரம் படுத்துருவேன்" என்றேன்.

"அப்ப?"

"வரல."

அவள் என் ஷூ முடிச்சை அவளே அவிழ்த்துவிட்டாள். எழுந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் கீழே இறங்கினாள். நீ மேலே வந்து பெட்டியைத் தூக்கினாய். லிஃப்ட் வாசலில் நீ கேட்டபோது நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது. இப்போது தெரியும். நம்பச் சொல்லவில்லை. அடுத்த தடவை வரும்போது ஒரு நாள் தங்கி, மறுநாளையும் பார்த்துவிட்டுப் போ.

நீங்கள் எல்லோரும் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. குளிக்கிற நாள் அது. நான் பால்கனிக்குப் போய்க் கறிவேப்பிலைத் தொட்டியை இறக்கித் தரையில் வைத்தேன். ஸ்டூலில் மண் வட்டமாக ஒட்டியிருந்தது, துடைத்தேன். குளியலறைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரமாகப் போட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். கையை நீட்டித் தண்ணீரைத் திறந்தேன்.